சுவரில் தம்பியின் முகம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நம் தெருக்கோடிப் பள்ளியை இல்லாமல் ஆக்கும் அறிவிப்பு நேற்று வந்துவிட்டது. இது உன் மாமாவின் சைக்கிள் கடையில் கேட்ட செய்தி இல்லை. தலைமையாசிரியை அதை வாசல் பலகையில் ஒட்டும்போது பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இரண்டு முறை படித்தேன். ஜூன் எட்டாம் தேதி வந்து தலை எண்ணுவார்கள். அறுபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு 'இணைப்பு'. மூடுவது என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

நலம் விசாரிக்க இப்போதுதான் நினைவு வருகிறது. நீ, உன் வீட்டுக்காரி, உன் மகள் வாயாடி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே உன் மாமாவுக்கு முதுகுவலி. சைக்கிள் கடையில் குனிந்து பஞ்சர் ஒட்டுவதால் வருகிறதென்று டாக்டர் சொன்னார். ஊர் வம்பைக் கேட்கக் கழுத்தை நீட்டுவதால் வருகிறதென்று நான் சொன்னேன். என் மகள் பூனை வழக்கம்போல, வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறாள். நான்காம் வகுப்பு முடிக்கப் போகிறாள்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை வருகிறது, நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நான் பேசி முடிக்கும்வரை உன்னால் வைக்க முடியாது.

கட்டணத்துக்குப் பதிலாக அரசு தருகிற கல்விச் சீட்டை வாங்கிக்கொண்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் தனியார் பள்ளிகளுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பிள்ளைகள் குறைவதே அதனால்தான். நீயும் போன வருடம் அதை வாங்கித்தான் வாயாடியை உங்கள் ஊர்த் தனியார் பள்ளியில் சேர்த்தாய். அங்கே எப்படி இருக்கிறது? நீ கண்ணால் பார்த்ததை எழுது. ஆஸ்பத்திரி வார்டில் டியூட்டி மாறும்போது எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. 'நோயாளி சாப்பிட்டார்' என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது. நான் பார்த்தேனா, அவர் சொன்னாரா, பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாரா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் அது எனக்கு நோய் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். மாமாவை உயரமான ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல். நாங்கள் லிஃப்ட் வேலையில் முதல் நாளே கற்றுக்கொள்வது அதுதான், முதுகை வளைக்காதே, பொருளை மேலே கொண்டுவா என்று.

நீ என்ன எழுதப் போகிறாய் என்று தெரிந்ததால் சுற்றி வளைக்கவில்லை. சீட்டை வாங்கு. பூனையைக் கொண்டுபோய் நல்ல பள்ளியில் சேர். ஒழுகுகிற கூரைக்குக் கீழே பக்கெட்டை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தத் தெருக்கோடிப் பள்ளியில் நானும் நீயும் என்ன கற்றோம்? பாதி நாள் வாத்தியார் வரமாட்டார். அறிவியல் என்று ஒரு பாடம் இருப்பதே எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். இப்போது அரசாங்கமே 'எங்கே வேண்டுமோ அங்கே போ' என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. நீ வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு 'இந்தக் கதவு எனக்குப் பிடிக்கவில்லை' என்கிறாய்.

உனக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா, பிள்ளை படிக்க வேண்டுமா? அதை முதலில் முடிவுசெய்.

இங்கே வகுப்பில் பெரிய திரை இருக்கிறது, டீச்சர் தொட்டால் படம் ஓடுகிறது. என் கண்ணால் பார்த்தேன், போதுமா? இன்னொரு விஷயம். சேர்ந்த புதிதில் கல்வித் துறையிலிருந்து வந்து என்னையும் வாயாடியையும் போட்டோ எடுத்தார்கள். கம்பெனி யூனிஃபார்மும் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றேன். எங்கேயோ அச்சாகுமாம்.

உன் தம்பி

அத்தை, நான் வாயாடி. அப்பா இடம் விட மாட்டேன்றாரு, ஓரத்துல எழுதறேன். இங்க தண்ணி குடிக்கணும்னாகூட கையைத் தூக்கணும். நான் கையைத் தூக்கினேன், மிஸ் 'பதில் தெரியுமா'ன்னு கேட்டாங்க. 'தண்ணி தெரியும் மிஸ்'னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, மிஸ் சிரிக்கல. பூனைகிட்ட சொல்லுங்க.

மார்ச் 2

தம்பிக்கும் உன் வீட்டுக்காரிக்கும் அக்காவின் விசாரிப்பு. மாமா ஸ்டூல் வாங்கிவிட்டார். இப்போது தெருமுனை வரைக்கும் தெரிகிறதாம், வம்பு இரண்டு மடங்கு ஆகிவிட்டது. வாயாடியின் 'தண்ணி தெரியும்' என்பதைப் படித்துப் பூனை சத்தம் போட்டுச் சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு இரண்டும் வேண்டும். பிள்ளை படிக்கவும் வேண்டும், அது எங்கள் தெருவிலேயே இருக்கவும் வேண்டும். கூரையைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுத்தவள் நான்தான். அறிவியல் வாத்தியார் இடம் இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. வாத்தியாரைக் கொடுக்காமல் விட்டார்கள், பிள்ளைகள் போனார்கள், இப்போது பிள்ளைகள் இல்லை என்று சொல்லி வருகிறார்கள். எங்கள் வார்டில் சாப்பாடு கொடுக்காமல் வைத்துவிட்டு 'இளைத்துப் போனார்' என்று எழுதினால் வேலை போய்விடும்.

இருந்தாலும் உன் பேச்சைத் தட்டக்கூடாது என்று போன வாரம் லீவு போட்டு, பஸ் கண்டக்டர் வீட்டம்மாவோடு ஒரு தனியார் பள்ளிக்குப் போனேன். கண்டக்டருக்கு இரட்டைப் பெண்கள். உனக்குத் தெரியும், பெற்றவளே வளையலை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். இரண்டு பேருக்கும் தேர்வு வைத்தார்கள். பிறகு அம்மாவுக்கும் வைத்தார்கள். வீட்டில் என்ன புத்தகம் படிப்பீர்கள், வேலைநாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் அப்பா அம்மா இரண்டு பேரும் வருவீர்களா என்று கேட்டார்கள். கடைசியில் ஒருத்திக்கு இடம், இன்னொருத்திக்கு இல்லை.

சாயங்காலம் கண்டக்டர் பள்ளிக்கே போன் போட்டுக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். "ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் கண்டுபிடிச்சீங்க? தெரிஞ்சா சொல்லுங்க சார், வீட்ல எங்களுக்கு உபயோகமா இருக்கும்." அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

இரண்டு பேரும் இப்போது பூனையோடு ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். நான் டியூட்டி முடிந்து வந்து வீடு வீடாகப் போய்ப் பேசுகிறேன். சிலர் உட்காரச் சொல்கிறார்கள். சிலர் கதவைத் திறக்காமல் 'அம்மா வீட்ல இல்ல' என்று அம்மா குரலிலேயே சொல்கிறார்கள்.

வாயாடியை நிறைய எழுதச் சொல்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் மாமாவும் பூனையும் நலம் என்று நம்புகிறேன். வேலை அதிகம், அதனால்தான் தாமதம். புதிதாக ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் பராமரிப்பை எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். நான்கு லிஃப்டில் இரண்டு முரண்டு பிடிக்கிறது.

இரட்டைப் பெண்கள் விஷயம் வருத்தமானதுதான். ஆனால் ஒரு பள்ளி அப்படி இருந்தால் எல்லாமும் அப்படி என்று சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையின் தனித்திறனையும் கண்டறிந்து வளர்க்கும் சூழல் இருக்கிறது. ஒழுக்கம், தன்னம்பிக்கை, உலகத் தரம் ஆகியவற்றுக்கு முக்கியத்துவம் தருகிறார்கள்.

வாயாடி நன்றாக இருக்கிறாள். போன புதன்கிழமை காலையில் நான் மேலே மெஷின் ரூமில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே வாட்ச்மேனோடு பேசிப் பேசி, அந்தக் கட்டடத்தில் எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் சண்டை என்று எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டாள். மாமாவின் வாரிசு.

இப்போது தூங்குகிறாள், அதனால் எதுவும் எழுதவில்லை.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் முகம் எங்கள் பள்ளிச் சுவரில் இருக்கிறது.

நேற்றுக் காலை இரண்டு பேர் ஏணியோடு வந்து ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆள் உயரம் இல்லை, அதைவிடப் பெரிது. யூனிஃபார்ம், தொப்பி, பல் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. பக்கத்தில் வாயாடி புதுச் சட்டையில் நிற்கிறாள். மேலே 'நான் தேர்ந்தெடுத்தேன்' என்று பெரிய எழுத்து. ஊரில் எத்தனையோ சுவர் இருக்க, மூடப்போகிற பள்ளியின் சுவர்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

உன் மாமாவுக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் நேர் எதிரே நீ. முதல் நாள் சல்யூட் அடித்தார். இரண்டாம் நாள், "மச்சான் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கான், ஒரு டீகூட நிம்மதியா குடிக்க முடியல" என்று ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மூலைவீட்டுத் தையல்காரம்மாவிடம் பேசப் போனேன். அவளுக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு மாதமாகப் பேசி அசைத்து வைத்திருந்தேன். என்னை உட்கார வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து காட்டினாள். "அக்கா, உங்க சொந்தத் தம்பி சுவத்துல சிரிக்கறாரு. நீங்க என்னை மட்டும் போகாதேன்றீங்க. உங்க குடும்பத்துப் பிள்ளை மட்டும் பெரிய பள்ளிக்கூடத்துல படிக்கணுமா?" எழுந்து வந்துவிட்டேன். மூன்று பிள்ளைகளும் போன கணக்குதான்.

உன் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது உன் உரிமை. அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவர்களிடம் சொல்லி உன் முகத்தை என் சுவரிலிருந்து எடுக்கச் சொல்.

உடம்பு நலம். உங்கள் நலத்தை எழுது.

அக்கா

ஏப்ரல் 30

தம்பி,

பதில் இல்லை. கோபமாக எழுதிவிட்டேன் என்று நீ எழுதாமல் இருக்கிறாயோ என்று முதலில் நினைத்தேன். நீ அப்படிப்பட்டவன் இல்லை. என் கோபத்துக்கு இரண்டு மடங்கு கோபம் வரும் உனக்கு, மறு தபாலிலேயே வரும்.

இன்று வார்டில் டீ இடைவேளையில் உன் கடிதங்கள் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, டியூட்டி மாற்றிக்கொள்கிற மாதிரி படித்தேன். பிப்ரவரியில் நீ திரையைப் பார்த்திருக்கிறாய், டீச்சரைப் பார்த்திருக்கிறாய். மார்ச்சில் நீ எதையும் பார்க்கவில்லை. தனித்திறன், உலகத் தரம் எல்லாம் அவர்கள் வாசலில் கொடுக்கிற காகிதத்தில் இருப்பது. உன் வாயில் அந்த வார்த்தைகள் வராது. நீ உலகத் தரம் என்று சொல்லி நான் கேட்டது ஒரு கிரீஸ் டப்பாவைப் பற்றி மட்டும்தான்.

நீ கண்ணால் பார்த்ததாக எழுதியது ஒன்றே ஒன்று. புதன்கிழமை காலை, வாயாடி, வாட்ச்மேன்.

புதன்கிழமை காலையில் அவள் ஏன் உன்னோடு இருந்தாள்?

வேறு எதுவும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மே 11

அக்கா,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பார்த்ததை எழுதுகிறேன். மார்ச் ஆறாம் தேதி பள்ளியிலிருந்து வரச் சொன்னார்கள். பெற்றோரைப் பார்ப்பதற்கென்றே ஒரு அம்மா இருக்கிறார். மிகவும் மரியாதையானவர். டீ கொடுத்தார். "உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு சார். எங்க பள்ளிதான் அவளுக்குப் பொருத்தமா இல்ல" என்றார். பருவத் தேர்வில் அவர்கள் போட்ட கோட்டுக்குக் கீழே வந்துவிட்டாளாம். வகுப்பில் பேச்சும் அதிகமாம். மற்ற பிள்ளைகளின் வேகம் கெடுகிறதாம். நானே விரும்பி அழைத்துக்கொண்டு போனால் அவளுக்கு நல்லது, இல்லாவிட்டால் அதே வகுப்பில் மறுபடியும் உட்கார வேண்டியிருக்கும் என்றார். அவர் குரல் ஒருமுறைகூட உயரவில்லை. வெளியே பெஞ்சில் வாயாடி உட்கார்ந்திருந்தாள். கதவு முழுசாக மூடியிருக்கவில்லை.

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. டீக்குச் சொன்னேனா, எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்து அரசுப் பள்ளியைப் போன வருடமே இணைத்துவிட்டார்கள். அந்தக் கட்டடம் இப்போது டைல்ஸ் குடோன். இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளியில் கேட்டேன். சீட்டைப் பயன்படுத்திய பிள்ளை இரண்டு வருடத்துக்கு அரசுப் பள்ளிக் கணக்கில் வராது, விதி அப்படி என்றார்கள். வாயாடியின் அம்மாவுக்குத் துணித் தொழிற்சாலையில் லீவு கிடையாது. அதனால் என்னோடு வேலைக்கு வருகிறாள்.

முதலில் வாட்ச்மேனோடு பேசினாள். இப்போது அதுவும் இல்லை. போன வாரம் லிஃப்டில் ஆள் அதிகமாகி மணி அடித்தது. கடைசியாக ஏறியவர் இறங்கிப் போனார். இவள் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு கேட்டாள்.

"அப்பா, மணி அடிச்சா எப்பவும் கடைசியா ஏறினவங்கதான் இறங்கணுமா?"

"ஆமாம்மா."

"அவங்க குண்டா இல்லாட்டியும்?"

லிஃப்ட் வேலையில் எனக்குத் தெரியாத கேள்வி இல்லை என்று நினைத்திருந்தேன்.

போஸ்டர் ஒட்டியது எனக்கே நீ எழுதித்தான் தெரியும். சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறவன் இதை எப்படி எழுதுவான்? யாரிடமும் சொல்லாதே. மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லாதே, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி

மே 18

தம்பிக்கு,

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. மாமா கேட்டார், லிஃப்ட் ரிப்பேர் என்று சொன்னேன். பொய் இல்லை.

ஏமாந்தாய் என்று எழுதமாட்டேன். கதவு திறந்திருந்தது, நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். எந்த அப்பனும் ஓடுவான். அந்தக் கதவு உள்ளே இருப்பவர்களின் கையில் இருக்கிறது என்பதை யாரும் உனக்குச் சொல்லவில்லை.

இங்கே நிலவரம். மே இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை, கல்வி அலுவலர் பள்ளிக்கு வந்து கருத்துக் கேட்கிறார். தலைமையாசிரியை உறுதியாகச் சொன்னார், சுற்றறிக்கையும் ஒட்டியிருக்கிறது. வருவதும் வராததும் உன் இஷ்டம். பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுவரில் இருப்பவன் வந்து பேசினால் வேலைக்கு என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது.

ஆனால் வாயாடியை அனுப்பு. தலைமையாசிரியையிடம் 'கணக்கில் வராத ஒரு பிள்ளை' என்று மட்டும் சொல்லிக் கேட்டேன். "கணக்கு அவங்களோடது, பெஞ்சு என்னோடது. அனுப்பச் சொல்லுங்க" என்றார். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. அவள் பேர் அந்த அறுபதில் சேராது. பூனைக்குப் பக்கத்தில் பேசுவதற்கு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு முடிவு செய். பெற்றவளுக்குப் பிரிந்திருப்பது சுலபம் இல்லை.

அக்கா

மே 23

அக்கா,

மூவரும் நலம். அவள் சம்மதித்துவிட்டாள். பிள்ளையின் துணியை எல்லாம் மடித்து வைத்துவிட்டு, "பேசாம வர்றதா இருந்தா நீங்க போகவே வேணாம்" என்று என்னிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறோம். யூனிஃபார்மில் வருகிறேன். தொப்பியும் எடுத்து வைத்துவிட்டேன்.

மாமாவிடம் இப்போது சொல்லலாம்.

தம்பி

மே 31

தம்பிக்கும், குறிப்பாக உன் வீட்டுக்காரிக்கும்,

வாயாடி நலம். நன்றாகச் சாப்பிடுகிறாள், நான் பார்த்தேன். நீ பேசியதை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் கூட்டம் முடிந்ததும் நீ வண்டிக்கு ஓடிவிட்டாய். வீட்டில் போய்ச் சொல்லும்போது பாதியை முழுங்கியிருப்பாய். வாயாடி அம்மா, இது உனக்காக எழுதுவது.

அலுவலர் கெட்ட மனிதர் இல்லை. ஃபேன் ஓடாத அறையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் கேட்டார். கண்டக்டர் இரட்டைப் பெண்களை முன்னால் நிறுத்தி, "இதுல எது பாஸ்னு சொல்லுங்க சார்" என்றார். அலுவலர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு உன் வீட்டுக்காரர் எழுந்தார்.

"நீங்க இந்தப் பகுதிப் பெற்றோர் இல்லையே. வெளியூர்க்காரங்க பேச முடியாது" என்றார் அலுவலர்.

"ஏப்ரல்லேர்ந்து இந்தத் தெருவுல நான்தான் சார் பேசிக்கிட்டு இருக்கேன். வாசல்ல போய் சுவத்தைப் பாருங்க."

அலுவலர் வாசல் வரை போய்ப் பார்த்தார். திரும்பி இவனைப் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர், "தொப்பி, தொப்பி" என்றார். இவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அலுவலரும் சிரித்துவிட்டார். "சொல்லுங்க" என்றார்.

சொன்னான். டீ கொடுத்ததிலிருந்து டைல்ஸ் குடோன் வரைக்கும் சொன்னான். பிறகு, "மேல 'நான் தேர்ந்தெடுத்தேன்'னு எழுதியிருக்கு. நான் ஒரே தடவைதான் சார் தேர்ந்தெடுத்தேன். அவங்க ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தேர்ந்தெடுத்தாங்க. என் பொண்ணு அதோ உட்கார்ந்திருக்கா. இன்னிக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்குலயும் அவ பேர் இல்ல" என்றான்.

"அப்ப திட்டமே வேண்டாம்ன்றீங்களா?"

"அப்படிச் சொல்லல சார். எங்க வேணாலும் போன்னு சொல்றப்ப, இந்தப் பள்ளிக்கூடமும் அந்த எங்கயோவுல ஒண்ணா இருக்கணும். கூரையோட. அறிவியல் வாத்தியாரோட. அதுக்கப்புறம் நாங்க போனா, அது நாங்க தேர்ந்தெடுத்தது."

கைதட்டவில்லை யாரும். தையல்காரம்மா மட்டும் எழுந்து நின்றாள். அவளுடைய பிள்ளைகளில் நடுப்பிள்ளையைத் தேர்வில் எடுக்கவில்லையாம், வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லையாம். அதைச் சபையில் சொன்னாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். எனக்குத் தெரியாத வீடுகள் இல்லை என்று நினைத்திருந்தேன். எல்லா வீட்டிலும் மறைத்து வைத்த ஒரு புதன்கிழமை இருந்திருக்கிறது.

அக்கா

ஜூன் 16

அன்புள்ள அக்கா,

நலம். வீட்டில் சத்தமே இல்லை, அதுதான் பழக வேண்டியிருக்கிறது. உன் கடிதத்தை அவள் சத்தமாகப் படித்தாள், இரண்டு முறை. பாதியை முழுங்கினேன் என்று நீ எழுதிய இடத்தில் என்னைப் பார்த்தாள்.

இங்கே நடந்தது. கம்பெனி மேலாளர் கூப்பிட்டு, யூனிஃபார்மோடு கூட்டத்தில் பேசியதற்கு எச்சரிக்கை கொடுத்தார். கொடுத்துவிட்டு, தன் மகன் எந்தப் பள்ளியில் எத்தனையாவது முறை தேர்வு எழுதி இடம் கிடைக்காமல் வந்தான் என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். வேலை போகவில்லை. கல்வித் துறையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். பள்ளியை மாற்றியது என் சொந்த விருப்பம், கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார். அப்படித் தந்தால் வாயாடிக்கு வேறு நல்ல பள்ளியில் இடம் பார்ப்பதாகவும் சொன்னார். டீ கொடுத்தோம். உன் வீட்டுக்காரி என்று நீ எழுதுகிறாயே, அவள்தான் பேசினாள். "உணர்ச்சிவசப்படாமதான் பேசினாரு, நான் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்" என்றாள்.

அவர் டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாம் தேதி தலை எண்ணினார்களா? சைக்கிள் கடைச் செய்தி வேண்டாம்.

தம்பி

ஜூலை 3

தம்பிக்கும் வீட்டில் அவளுக்கும்,

எல்லாரும் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எண்ணினார்கள். நான் வாசலில் நின்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் அறுபத்தாறு. அதில் எட்டுப் பேர் சீட்டைப் பயன்படுத்தித் திரும்பி வந்தவர்கள், வாயாடியும் சேர்த்து. அவர்களைக் கழித்துவிட்டு ஐம்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை தலைமையாசிரியை வருகைப் பதிவு எடுக்கும்போது அறுபத்தாறு பேரையும் கூப்பிட்டார். தினமும் கூப்பிடுகிறார். வாயாடி 'உள்ளேன்' என்று சொல்வது சைக்கிள் கடை வரைக்கும் கேட்கிறது. இது மாமா சொன்னது, ஆனால் நானும் ஒருநாள் நின்று கேட்டேன்.

எட்டுப் பேரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மேல்முறையீடு செய்திருக்கிறோம். கூரைக்கும் அறிவியல் வாத்தியாருக்கும் தனி மனு. கருத்துக் கேட்ட அலுவலர் மேலிடத்துக்கு என்ன எழுதினார் என்று தெரியாது. நமக்குச் சாதகம் என்று மாமா சொல்கிறார், ஆகவே தெரியாது.

நேற்று இரண்டு பேர் ஏணியோடு மறுபடியும் வந்தார்கள். ஒட்டிய அதே ஆட்கள். உன் போஸ்டரைக் கிழிக்கச் சொல்லி உத்தரவாம். கண்டக்டர் போய் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். தையல்காரம்மா மெஷினைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். நான் டியூட்டி முடிந்து வந்தபோது சுவருக்கு முன்னால் நிற்க இடம் இல்லை. எடுக்கச் சொல்லி எழுதியவளும் நான்தான், இருந்தும் என்னையும் ஒரு ஓரத்தில் நிற்கவிட்டார்கள்.

"எங்களுக்கு ஒட்டச் சொன்னாங்க ஒட்டினோம், கிழிக்கச் சொன்னாங்க வந்தோம். ஏன்க்கா தடுக்கறீங்க?" என்று அந்தப் பையன்களில் ஒருவன் கேட்டான்.

"அவன் எங்க சாட்சிப்பா. சாட்சியைக் கலைக்கக்கூடாது" என்றேன்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திங்கட்கிழமை வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா, நான்தான். அத்தை ஓரம் விட்டிருக்காங்க. இங்க தண்ணி குடிக்கக் கையைத் தூக்க வேணாம், ஆனா குழாய்ல தண்ணி வரணும். பூனை இப்ப பேசறா, நிறுத்தவே மாட்டேன்றா. போஸ்டர்ல என் பக்கத்துல இருக்கற நீங்க வேற யாரோ மாதிரி இருக்கீங்க. நிஜ நீங்க எப்ப வருவீங்க? அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.

மேல்முறையீட்டின் முடிவு ஜூலை பதினைந்தாம் தேதி, புதன்கிழமை. தேதியை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எப்படி வந்தாலும் பதினாறாம் தேதி காலை தலைமையாசிரியை கதவைத் திறப்பார், அறுபத்தாறு பேரும் போவார்கள். அது அவர் சொன்னது, நாங்களும் சொன்னது. அதுவரை உன் முகம் சுவரில் இருக்கும். மழை வந்தால் மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

அக்கா